சுவரிலிருந்து நான்கடி

இன்று காலை ஆம்பூர்க் கடைத்தெருவில், புதிதாகத் திறந்திருக்கும் ஜவுளிக் கடையின் முன்னால் என் கால்கள் நின்றுவிட்டன. துணி வாங்கப் போனவன் அல்ல நான். அந்தக் கடைச் சுவரிலிருந்து ஓர் இரும்புக் கம்பி தெருப்பக்கமாக நீண்டிருந்தது. அதன் நுனியில் கடையின் பெயர் எழுதிய பெரிய தகரப் பலகை தொங்கி, காற்றுக்கு ஆடிக்கொண்டிருந்தது. நேர் கீழே பூக்காரி ஒருத்தி கூடையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கடைக்காரர் வெளியே வந்தார். "இன்னா சார், பலகைய இவ்ளோ நேரமாப் படிக்கிறீங்க?"

"கம்பி சுவத்துக்குள்ள எவ்ளோ தூரம் போயிருக்குது?" என்றேன்.

"அது எனக்கு எப்டி சார் தெரியும்? கொத்தனாரத்தான் கேக்கணும்." அப்புறம் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். "அந்த இன்ஜினீர் பாய் உயிரோட இருந்தா, அவரும் இதத்தான் கேட்டிருப்பாரு."

பூக்காரியைக் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொன்னேன். நிழல் போய்விடும் என்று முணுமுணுத்துக்கொண்டே நகர்ந்தாள். நான் வீட்டுக்கு வந்துவிட்டேன். வந்ததிலிருந்து உன்னோடு, அவர் சொன்ன அந்த இன்ஜினீரோடு, பேச வேண்டும் போலிருக்கிறது. நீ போய் ஒரு மழைக்காலம் கழிந்துவிட்டது. பேச வேறு வழி இல்லாததால் எழுதுகிறேன்.

நீ எங்கள் தோல் பதனிடும் ஷாப்புக்கு வந்த புதிதில் உன்னை எல்லோரும் கேலி செய்தார்கள். மதராஸில் இன்ஜினீர் படிப்புப் படித்து வந்தவன் ஆயில் இன்ஜினையும் கட்டடங்களையும் பார்த்துக்கொள்ளப் போகிறான் என்று சொன்னபோது, மிடுக்கான ஒரு ஆளை எதிர்பார்த்திருந்தார்கள். வந்தது நீ. தோல் உலர்த்தும் பரணுக்குக் கீழே நடக்காமல், சுற்றுவழியாகப் போனாய். பெஞ்சில் உட்காருவதற்கு முன் அதன் காலை ஆட்டிப் பார்த்தாய். மேல்விஷாரத்தில் உன் மைத்துனிக்கு நிக்காஹ் நடந்த அன்று, மாடியில் கூடியிருந்த கூட்டத்தைப் பார்த்துவிட்டு, பாதிப் பேரைக் கீழே இறங்கச் சொன்னாயாம். உன் மாமனார் ஒரு மாதம் உன்னோடு பேசவில்லை. இதை நீயே சொன்னபோது நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. "உத்தரம் எத்தினி வருஷத்து மரம்னு யாருக்கும் தெரியல, தோஸ்த்" என்றாய்.

நான் அங்கே தோல் எடை போடுபவன். வருகிற தோல், போகிற தோல் எல்லாம் என் தராசில் ஏறி இறங்கித்தான் ஆக வேண்டும். நீ என்னிடம் முதன்முதலாக வந்து கேட்டதே எடையைப் பற்றித்தான். "ஒரு மாட்டுத் தோல் காஞ்சா இன்னா எடை? ஈரமா இருந்தா இன்னா எடை?" சொன்னேன். உன் முகம் வெளுத்துப்போயிற்று. பரணில் ஈரத் தோலைக் காய்ந்த தோலின் எண்ணிக்கையிலேயே தொங்கவிட்டிருந்தார்கள். அன்று மாலைக்குள் பாதித் தோல்களைக் கீழே இறக்க வைத்தாய். மானேஜர் உன்னை எல்லோர் எதிரிலும் பயந்தாங்கொள்ளி என்றார். நீ பரணில் மீதமிருந்த தோல்களை எண்ணிக்கொண்டிருந்தாய். எனக்கு உன்னைப் பிடித்துப்போயிற்று.

மத்தியானங்களில் என் எடைக் கொட்டகையில் சேர்ந்து உட்காருவோம். ஒரு நாள் நான் கேட்டேன், ஒரு பக்கம் மட்டும் சுவரில் பதித்து, மறுபக்கம் அந்தரத்தில் நிற்கும் கம்பியைக் கண்டால் உனக்கு ஏன் இத்தனை கலக்கம் என்று. நீ என் கையைப் பக்கவாட்டில் நீட்டச் சொன்னாய். உள்ளங்கையில் தண்ணீர் நிறைந்த செம்பை வைத்தாய்.

"எங்க வலிக்குது?"

"தோள்ல."

"செம்பு இருக்கிறது கையில. வலி தோள்ல. கம்பியும் அப்டித்தான். பாரம் நுனியில, முறியிறது சுவத்துக்கிட்ட." பிறகு செம்பை நகர்த்தி என் முழங்கைமேல் வைத்தாய். வலி குறைந்தது. "பாரம் மாறல. தூரம் கம்மியாச்சு. பாரத்தையும் தூரத்தையும் பெருக்கினா அதுதான் கம்பிக்குப் படுற பாடு."

அந்தப் பாடு தாங்கக் கம்பிக்கு எவ்வளவு கனம் வேண்டும், எந்த இரும்பு எவ்வளவு இழுப்புக்கு வளையும் என்று மேலும் சொன்னாய். கனம் இரட்டித்தால் பலம் எட்டு மடங்காகும் என்றாய். எனக்குப் பாதி புரிந்தது. மீதி புரிந்தது சித்திரை மாதத்தில், பாலாற்றங்கரையில் இருந்த எங்கள் ஷாப்புக் கிணற்றடியில்.

அந்த வருஷம் பாலாறு வெறும் மணலாகக் கிடந்தது. தோல் ஊறவைக்கும் தொட்டிகளுக்குத் தண்ணீர் போதவில்லை. கிணற்றை ஆழப்படுத்தும் வேலை நடந்துகொண்டிருந்தது. உள்ளே இறங்கித் தோண்டியவன் முனுசாமி, என் மனைவி செல்லம்மாவின் தம்பி. மற்றவர்கள் கஞ்சி குடிக்க மேலே வந்திருந்த நேரம். அவன் மட்டும், ஊற்றுக்கண் திறக்கிற மாதிரி இருக்கிறது, இன்னும் நாலு கூடை மண் எடுத்துவிட்டு வருகிறேன் என்று உள்ளேயே இருந்தான்.

வண்டி கவிழ்ந்ததுபோல ஒரு சத்தம் கேட்டது. நான் தராசை விட்டு ஓடி வந்தேன். ஆற்றுப் பக்கத்துக் கைப்பிடிச் சுவர் மண்ணோடும் செங்கல்லோடும் சரிந்து கிணற்றுக்குள் போயிருந்தது. கூடை இறக்குவதற்காக நட்டிருந்த மரச்சட்டமும் அதோடு போய்விட்டது. புழுதி அடங்கியதும் உள்ளிருந்து குரல் வந்தது.

"மாமா! கால் மாட்டிக்கிச்சு மாமா! தண்ணி ஊறுது!"

உயிரோடு இருக்கிறான். அந்த நிம்மதி ஒரு மூச்சு நேரம்கூட நிலைக்கவில்லை. சரிந்த பக்கத்தில் மண் இன்னும் பொலபொலவென்று உதிர்ந்துகொண்டிருந்தது. அந்தப் பக்கம் யாரும் கால் வைக்க முடியாது. குறுக்கே மரம் போட்டால் ஒரு முனை உட்கார இடமில்லை. உறுதியாக நின்றது ஒரே பக்கம், கிணற்றை ஒட்டியிருந்த இன்ஜின் அறையின் சுவர். அந்தச் சுவரிலிருந்து ஓர் இரும்புக் கம்பி கிணற்றின் மேல் நீண்டிருந்தது. உனக்கு முன்னால் வேலை பார்த்த யாரோ, பம்புக் குழாயை ஏற்றி இறக்குவதற்குப் பதித்தது.

மானேஜர் அதைத்தான் காட்டினார். "அதோ கம்பி! நுனியில கப்பிய மாட்டுங்கடா. கயித்த உடுங்க. ஆறு பேர் சேந்து இழுங்க."

"நில்லுங்க" என்று ஒரு குரல் கேட்டது. நீ இன்ஜின் அறைக்குள்ளிருந்து வந்தாய். கம்பியின் மறுமுனை சுவருக்கு அந்தப் பக்கம் தகடும் திருகும் போட்டு முடுக்கியிருக்கிறதா என்று பார்க்கப் போயிருக்கிறாய். முடுக்கித்தான் இருந்தது. கையில் அடுப்புக் கரித்துண்டு. கம்பியின் கனத்தை அளந்தாய், ஒன்றரை அங்குலம். சுவரிலிருந்து நுனி வரை நான்கடி. வெள்ளையடித்த சுவரில் எழுத ஆரம்பித்தாய். கரி உன் விரலில் இரண்டு முறை ஒடிந்தது.

"முனுசாமி இன்னா எடை இருப்பான்?" என்று என்னைக் கேட்டாய்.

"நூத்தி முப்பது ராத்தல்."

நீ இருநூற்று அறுபது என்று எழுதினாய். மானேஜருக்குக் கோபம் வந்துவிட்டது. "ஒரு ஆளத் தூக்க ஒரு ஆளு எடைதானேய்யா?"

"கப்பிக்கு ஒரு பக்கம் அவன் தொங்குறான் சார். இன்னொரு பக்கம் நாம கயித்தப் புடிச்சுத் தொங்குறோம். ரெண்டும் கம்பி மேலதான் விழும்." கரித்துண்டால் கம்பியின் நுனியைக் காட்டினாய். "நுனியில தாங்காது. வளைஞ்சிடும்."

"போன வருஷம் குழாயத் தூக்குச்சே?"

"குழாய் எடை கம்மி சார்."

அந்த நேரம் பார்த்துச் செல்லம்மா தலைவிரிகோலமாக ஓடி வந்தாள். யாரோ வீட்டுக்குப் போய்ச் சொல்லியிருக்கிறார்கள். தம்பியின் குரலைக் கேட்டாள், கரியும் கையுமாகச் சுவரோரம் நிற்கும் உன்னைப் பார்த்தாள். அவளுக்குத் தாங்கவில்லை.

"பாய்! சுவத்துல இன்னா எழுதினு கீறீங்க? என் தம்பி உள்ள கீறான் பாய்! படிச்ச படிப்ப அவன் செத்தப்புறம் காட்டப் போறீங்களா?"

எனக்கும் உன்மேல் ஆத்திரம் வந்தது, நண்பா. உள்ளே அவன் குரல் கம்மிக்கொண்டே போகிறது. நீயோ திரும்பவும் முதலிலிருந்து பெருக்கிக்கொண்டிருக்கிறாய். உன் நெற்றி வியர்வை கரி எழுத்தின்மேல் சொட்டியது. மானேஜர் ஆட்களைப் பார்த்து, "நீங்க மாட்டுங்கடா" என்றார்.

நீ கம்பிக்கு முன்னால் போய் நின்றாய். அதுவரை யாரிடமும் குரலை உயர்த்தாதவன் கத்தினாய். "ஆளுக்கு முன்னாடி தோலு தொங்கட்டும்! என் கணக்கு தப்புன்னா கம்பி சொல்லட்டும்!"

அந்தச் சத்தத்தில் மானேஜரே ஒரு அடி பின்வாங்கினார். நான் ஓடினேன். ஊறல் தொட்டியிலிருந்து ஈரத் தோல்களை இழுத்துப் போட்டுத் தராசில் ஏற்றினேன். நீ சொன்ன எடை வந்ததும் கட்டாகக் கட்டிச் சுமந்து வந்தோம். கம்பி நுனியில் தொங்கவிட்டார்கள். கம்பி மெல்லத் தலை குனிந்தது. இன்னும் கொஞ்சம் குனிந்தது. பிறகு கட்டைக் கரைப்பக்கம் இழுத்துப் பிடித்து அறுத்துவிடச் சொன்னாய். தோல்கள் கிணற்றுக்குள் போகாமல் சுவரோரத் தரையில் விழுந்தன. கம்பி நிமிரவில்லை. குனிந்தபடியே நின்றது.

செல்லம்மா வாயைப் பொத்திக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். மானேஜர் தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். அன்றைக்கு ஜெயித்தவன் நீ என்று பிற்பாடு எல்லோரும் சொன்னார்கள். அந்த நொடியில் உன் முகத்தைப் பார்த்தவன் நான். அதில் ஜெயித்த களை கொஞ்சமும் இல்லை. இருந்த ஒரே கம்பியும் வளைந்துவிட்டது. உன் கணக்குச் சரிதான், ஆனால் முனுசாமியைத் தூக்க நமக்கு இனி வேறு எதுவும் இல்லை.

"பாதித் தூரம்" என்று நீ உனக்கே சொல்லிக்கொண்டாய். "சுவத்துலேர்ந்து ரெண்டடியில மாட்டினா, படுற பாடு பாதிதான்." மறுபடியும் கரியை எடுத்தாய். ஒரு ஆள், அவனை இழுக்கிறவர்களின் பலம், இரண்டடித் தூரம். பெருக்கினாய். வளைகிற அளவுக்குள்தான் வந்தது. ஆனால் புத்தகம் பத்திரம் என்று சொல்லும் அளவைத் தாண்டி நின்றது. இரண்டுக்கும் நடுவில் ஓரிடத்தில்தான் முனுசாமியின் உயிர் இருந்தது.

கம்பியைத் திருகிக் குனிந்த பக்கத்தை மேலே திருப்பிவிடலாமே என்று ஒருவன் யோசனை சொன்னான். "வாணாம். திருப்பினா இரும்பு இன்னா பண்ணும்னு எனக்குத் தெரியாது. இப்டியே இருந்தா கொஞ்சம் தெரியும்" என்றாய். தெரியாததைத் தெரியாது என்று சொல்ல அந்த நேரத்தில் உனக்கு மனம் வந்ததே, அதை நான் இன்றைக்கும் நினைத்துக்கொள்வேன்.

பிறகு சுண்ணாம்புக் குழியிலிருந்து கொஞ்சம் சுண்ணாம்பு கொண்டுவரச் சொல்லி, கம்பி சுவரை விட்டு வெளியே வரும் இடத்தில் மெல்லியதாகப் பூசினாய். சித்திரை வெயிலில் அது உடனே காய்ந்தது. "இரும்பு கொஞ்சம் இழுபட்டாலும் இது வெடிக்கும். கண்ணுக்குத் தெரியும்." இரண்டடியில் மறுபடி அதே எடைத் தோல்களைத் தொங்கவிட்டோம். கம்பி சற்றே தாழ்ந்தது. அறுத்ததும் முன்பு இருந்த இடத்துக்கே வந்தது. சுண்ணாம்பு வெடிக்கவில்லை.

"திரும்பி வந்திச்சு" என்றாய்.

கப்பி சுவரை ஒட்டி வந்துவிட்டதால் கயிறு கிணற்றின் செங்கல் விளிம்பில் உரசும். அதற்குப் பதனிட்ட தோலை மடித்து விளிம்பில் போட்டோம். அப்புறம் யார் இறங்குவது என்ற கேள்வி வந்தது. கால் மாட்டியவன் தானாகக் கயிற்றைக் கட்டிக்கொள்ள முடியாது. "நான் போறேன்" என்றேன்.

"நீ போவாத" என்றாய் சட்டென்று. சுற்றி நின்றவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாய். எல்லோரும் ஈரத் தோலைப் புரட்டிப் புரட்டி முறுக்கேறிய உடம்புக்காரர்கள். என்னை இழுத்துக்கொண்டு போய் என் தராசிலேயே நிறுத்தினாய். என் முகத்தைப் பார்க்கவில்லை, முள்ளைத்தான் பார்த்தாய். முனுசாமியைவிட நான் கம்மி. உனக்கு வேறு வழியில்லாமல் போயிற்று.

கயிற்றை என் இடுப்பில் நீயே கட்டினாய். "ரெண்டு பேரும் சேந்து வர ஆசப்படாத, தோஸ்த். அவன் எவ்ளோ கெஞ்சினாலும் ஒருத்தர் ஒருத்தராத்தான். சேந்து தொங்கினா தாங்காது. கேட்டியா? தாங்காது."

இறங்கினேன். இறங்க இறங்க மேலே இருந்த வட்டம் சிறுத்தது. அடியில் இருட்டும் சேறும். முனுசாமி உட்கார்ந்த நிலையில் இருந்தான். முழங்காலுக்குக் கீழே சட்டத்தின் கனத்த மரம் அழுத்திக்கொண்டிருந்தது. தண்ணீர் அவன் மார்புவரை வந்திருந்தது. கடப்பாரையை மரத்துக்கு அடியில் கொடுத்து நெம்பினேன். மரம் அசையும்போதெல்லாம் அவன் அலறினான். ஒரு வழியாகக் கால் விடுபட்டது. அது கிடந்த கோணத்தைப் பார்த்ததும் நான் பார்வையைத் திருப்பிக்கொண்டேன்.

மேலிருந்து இறக்கிய தோலை அவனுக்கு அடியில் தூளிபோல் கொடுத்துக் கட்டினேன். அவன் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு விடமாட்டேன் என்றான்.

"மாமா, நீயும் வா மாமா. சேந்தே போய்டலாம். இது மறுபடியும் சரியப் போவுது."

அவன் சொன்னது உண்மை. ஆற்றுப் பக்கத்திலிருந்து கைப்பிடி மண் உதிர்ந்து என் முதுகில் விழுந்துகொண்டேயிருந்தது. எனக்கும் அவனோடு ஒட்டிக்கொண்டு மேலே போய்விட வேண்டும் என்றுதான் இருந்தது. இரண்டு பேர்தானே, இரண்டு நிமிஷம்தானே என்று மனம் பேரம் பேசியது. உன் குரல் காதில் நின்றது. அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். "கம்பி ரெண்டு பேரத் தாங்காதுடா. நீ போ. நான் வர்றேன்."

அவன் மேலே போனான். வட்டத்தை அடைத்துக்கொண்டு போய், பிறகு காணாமல் போனான். மேலே செல்லம்மா அழும் சத்தம் கேட்டது. நான் தனியாக நின்றேன். அண்ணாந்தால் வானத்தின் குறுக்கே அந்தக் கம்பி. கீழே இருந்து பார்க்கும்போது அதன் வளைவு இன்னும் மோசமாகத் தெரிந்தது. தண்ணீர் தொடைக்கு ஏறியது.

"பேசினே இரு, தோஸ்த்!" என்று கத்தினாய்.

"இன்னா பேசறது?"

"இன்னைக்கு எடை போட்டதச் சொல்லு!"

சொன்னேன். காலையிலிருந்து போட்ட ஆட்டுத் தோல், மாட்டுத் தோல் எடையெல்லாம் கிணற்றுக்கு அடியிலிருந்து கூவினேன். ஒவ்வொன்றுக்கும் நீ "ம், அப்புறம்?" என்றாய். அதற்குள் கயிறு வந்தது.

பாதி வழியில் நான் நின்றுவிட்டேன். அதாவது கயிறு நின்றுவிட்டது. மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை. என்ன நடந்தது என்று பிறகு நீ சொன்னாய். முனுசாமி பத்திரமாக வந்துவிட்ட சந்தோஷத்தில் இழுத்தவர்கள் என்னை வெடுக் வெடுக்கென்று இழுத்திருக்கிறார்கள். பூசிய சுண்ணாம்பில் மயிரிழை போல ஒரு கோடு ஓடியிருக்கிறது. நிறுத்தச் சொல்லி நீ கையைத் தூக்கிவிட்டாய்.

எனக்கு அதெல்லாம் தெரியாது. தொங்கினேன். எங்கும் சத்தமில்லை. பிறகு உன் குரல் வந்தது. கெஞ்சுகிற குரல். "ஆட்டாதீங்கப்பா. வெடுக்குனு இழுத்தா எடை ஜாஸ்தியாய்டும். கை மாத்தி, கை மாத்தி, மெதுவா. கொழந்தயத் தூக்குற மாதிரி." கயிறு மறுபடி அசைந்தது. ஒரு சாண். இன்னொரு சாண். என் தலை விளிம்புக்கு மேலே வந்ததும் யாரோ என் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தார்கள். நீதான். சட்டை கிழிந்தது. நீ விடவில்லை.

முனுசாமியை வண்டியில் ஏற்றி வேலூர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிய பிறகு உன்னைத் தேடினேன். எல்லோரும் உன் பேரைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள், உன்னைக் காணோம். இன்ஜின் அறைக்குப் பின்னால் குந்தியிருந்தாய். வாந்தி எடுத்திருந்தாய்.

"கணக்கு சரியா வந்திச்சே, இன்னும் இன்னா?" என்றேன்.

"சரியா வரல" என்றாய். "கம்பிக்குள்ள ஒரு விரிசல் இருந்திருந்தா? சுவத்துக்குள்ள துரு தின்னிருந்தா? அத எந்தக் கணக்குல போட முடியும்? தெரியாதத எல்லாம் வெச்சுக்கினுதான் உன்ன எறக்கினேன்." அப்புறம் குழந்தைபோல அழுதாய். உன் தோளைப் பிடித்துக்கொண்டு நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

முனுசாமியின் கால் சேர்ந்தது, கோணலாகச் சேர்ந்தது. கிணறு தோண்டும் வேலையை விட்டுவிட்டு, தோல் பதனிடுவதற்கான மரப்பட்டை ஏற்றிவரும் மாட்டு வண்டி ஓட்டினான். நீ கேட்டபடி கிணற்றுக்குக் கருங்கல் தூண்கள் நிறுத்தித் தந்தார் மானேஜர். அதற்கப்புறம் அவர் உன்னை எதிர்த்துப் பேசி நான் கேட்டதில்லை.

அந்த நாட்களில் மாலை தவறாமல் என் வீட்டுக்கு வந்தாய். ஏதாவது ஒரு சாக்குச் சொல்வாய். குடை மறந்துவிட்டேன் என்பாய், கொண்டே வந்திருக்க மாட்டாய். நான் உயிரோடு உட்கார்ந்திருக்கிறேனா என்று பார்க்கத்தான் வந்தாய் என்பது எனக்குத் தெரியும். செல்லம்மா டீத் தம்ளரை உன்னிடம் நீட்டிக்கொண்டே ஒரு நாள் சொன்னாள், "அன்னிக்கு வாய்க்கு வந்ததப் பேசிட்டேன் பாய். மனசுல வெச்சுக்காதீங்க."

"நீ கத்தினதே நல்லதும்மா. இல்லாட்டி இன்னொரு தபா மொதல்லேர்ந்து கணக்குப் போட்டிருப்பேன்" என்றாய். அன்றைக்குத்தான் அந்தக் கிணற்றைப் பற்றி நாம் முதன்முதலாகச் சிரித்தோம்.

கடைசியாக உன்னைப் பார்த்தது மேல்விஷாரத்தில், உன் வீட்டில். நெஞ்சு நோய் உன்னைப் படுக்கையில் போட்டிருந்தது. வாலாஜா ரோடு ஸ்டேஷனில் இறங்கி ஜட்கா பிடித்து வந்தேன். நீ மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாய். என்னைப் பக்கத்தில் உட்காரச் சொல்லிவிட்டு, இத்தனை வருஷம் கேட்காததைக் கேட்டாய்.

"அன்னிக்குப் பாதியில தொங்கினியே, இன்னா நெனச்ச? என்னத் திட்டினியா?"

"இல்ல."

"பயந்துட்டியா?"

நான் யோசித்தேன். உன்னிடம் பொய் சொல்லவும் கூடாது, ஆறுதலுக்காக ஏதோ சொல்லவும் கூடாது என்று தோன்றியது. "கீழ நின்னப்ப பயம் இருந்திச்சு. தொங்கினப்ப இல்ல. மேல நீ எனக்காகப் பயந்துக்கினு இருக்கறன்னு தெரியும். அதுக்கு மேல நான் வேற எதுக்குப் பயப்படணும்?"

"எல்லாரும் இந்தப் பயத்த விட்டுடு விட்டுடுன்னுதான் சொன்னாங்க" என்றாய். "நீ ஒருத்தன்தான் அதுல சாஞ்சுக்கினு இருந்திருக்க." பிறகு என் கையைப் பிடித்தபடியே தூங்கிப்போனாய். மழை பிடித்த வாரத்தில் உன் மௌத் செய்தி வந்தது. உன்னைத் தூக்கியவர்களோடு நானும் தோள் கொடுத்தேன்.

என் பெரிய மகன் இப்போது மின்சாரக் கம்பி இழுக்கும் வேலையில் சேர்ந்திருக்கிறான். நாட்றம்பள்ளிப் பக்கம் கம்பம் கம்பமாக ஏறுகிறான். போன வாரம் அவனுக்குச் சோறு எடுத்துக்கொண்டு போனேன். அவன் உச்சியில் இருந்தான். எனக்கு உள்ளங்கால் கூசியது. இறங்குடா என்று கத்த வாய் வந்தது, கத்தவில்லை. கம்பத்தின் அடியில் மண் இறுகியிருக்கிறதா என்று காலால் மிதித்துப் பார்த்தேன். அவன் இடுப்பு வாரின் கொக்கி எங்கே மாட்டியிருக்கிறது என்று கண்ணை இடுக்கிப் பார்த்தேன். கூட வேலை செய்தவன், "இன்னா பெரியவரே, பயமா இருக்குதா?" என்றான்.

"ஆமாம்ப்பா" என்றேன். மகன் இறங்கி முடிக்கும்வரை அங்கேயே நின்றேன்.